கிரேன் கேட்ட ஜெபம்

ஞானஸ்நானம் வேண்டாம் என்று அக்கா சொன்னபோது எங்கள் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா சபையில் மூப்பர். பதினேழு வயது அக்காவோ ஞாயிறு பள்ளியில் எங்களுக்கெல்லாம் டீச்சர். வேத வசனங்கள் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்படிப்பட்டவள் வந்து நின்று, "எனக்கு வேணாம்ப்பா" என்றாள். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதோடு விடமாட்டார்கள். காரைக்குடிக்கு வெளியே ஒரு தோப்பில், பம்புசெட் தொட்டிக்குள் வெள்ளை உடுப்போடு இறக்கி, பாஸ்டர் ஒரு பக்கமும் மூப்பர் ஒருவர் மறுபக்கமுமாகப் பிடித்து, மல்லாக்க முக்கி எடுப்பார்கள். சபை முழுவதும் சுற்றி நின்று பாடும்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காலையிலிருந்து உபவாசம். அவிசுவாசத்தின் ஆவி அக்காவை விட்டு விலக வேண்டும் என்று பாஸ்டர் உருக்கமாக ஜெபித்தார். பிறகு ஒவ்வொருவரும் ஜெபிக்க வேண்டும் என்றார். அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதான என் முறையும் வந்தது.

அவள் ஏன் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அக்காவோடு நானும் ஒட்டிக்கொண்டு போன வாலிபர் கூட்டம் முடிந்து நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் நின்ற இரண்டு அண்ணன்கள் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். "பாஸ்டர் முக்கிருவாரு. தூக்குறதுக்குக் கிரேன்தான் வரணும்!" அக்கா செருப்பு வாரைக்கூட மாட்டாமல் இறங்கிப் போனாள். எனக்கு அது நியாயமான கவலையாகவே பட்டது. பைபாஸில் கவிழ்ந்த லாரியைக் கிரேன் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, நாளைக்கு அக்காவத் தூக்க ஒரு கிரேன் அனுப்பும். பெரிய கிரேனா அனுப்பும். ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"யாருடி அப்பிடிச் சொன்னது?" என்றாள் அம்மா. சொன்னேன். அம்மா பாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவரிடம் அவள் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பயலுகளுக்கு வாலிபர் கூட்டத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்குறீக?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அறைக்குள் போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள்.

"வர்றேங்கிறா. நீங்க ஒரு கையப் பிடிங்க பாஸ்டர், இன்னொரு கைய நான் பிடிச்சுக்கிறேன். ஆம்பளையாளுக பூராம் அங்குட்டுத் திரும்பி நிண்டு பாடட்டும்."

மறுநாள் அக்கா கருநீலச் சுடிதாரில் வந்தாள். நனைந்தால் உடம்பில் ஒட்டாத தடித்த துணி. வெள்ளைதானே வழக்கம் என்று ஒரு பெரியவர் முனகினார். "வேதத்துல கலர் போட்ருக்கா?" என்று கேட்டுவிட்டு, அம்மா சேலையோடு தொட்டிக்குள் இறங்கினாள். முதலில் திரும்பி நின்றது அப்பா. அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். அந்த இரண்டு அண்ணன்களும் தென்னை மரங்களைப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடினார்கள்.

அக்கா தண்ணீருக்குள் போனாள். மறு நொடியே எழுந்தாள். அம்மாவும் பாஸ்டரும் மூச்சுக்கூட வாங்கவில்லை.

போர்வையைச் சுற்றிக்கொண்டு, முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அக்கா நேராக என்னிடம் வந்தாள். காதோரம் குனிந்து, "தண்ணிக்குள்ள நான் கனக்கவே இல்லடி" என்றாள்.

இதில் என்ன அதிசயம்? கண்மாயில் கல்லைத் தூக்கிப் பார்த்தவள் நான். "தண்ணிக்குள்ள கல்லுகூட லேசாத்தான்க்கா இருக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், என்னை அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கோ, புதுக் கவுன் நனைகிறதே என்றுதான் இருந்தது.