விளக்குப் பாட்டுக்கு அடியில்

அக்காவைப் பற்றி எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். சாமி சாட்சியாக, காதில் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் மகன் பாட்டு செட்டில் டிஏசியை மாற்றினான். கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலியாக மாற்றும் பெட்டி அது. சோதித்துப் பார்க்க, பழைய கேசட்டிலிருந்து ஏற்றியிருந்த அம்மாவின் விளக்குப் பாட்டைப் போட்டான்.

"ஏனுங்கப்பா, வித்தியாசம் தெரியுதுங்களா?"

தெரிந்தது. வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் அம்மாவின் வளையல் தனியாகக் கேட்டது.

எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, எருத்தேன்பதி வீட்டில் மாமா பதிவு செய்தது.

"பேசாதீங்க மச்சான், உங்க கொரலும் உள்ள போயிரும்" என்றார் மாமா.

"போனா என்ன, வாடகையா கேக்கப் போவுது?" என்றார் அப்பா.

கற்பூரம் காட்டும்போது அப்பா வீட்டில் எல்லார் பெயரையும் நட்சத்திரத்தோடு, மாடுகள் பெயர் வரை, வாய்க்குள்ளேயே சொல்வார். எங்களுக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். அக்கா வேறு சாதியில் கட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் சித்தூருக்குப் போனதிலிருந்து, அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தார். சாகும்வரை அவளோடு பேசவில்லை. இந்தப் பதிவு அவள் போன பிறகு எடுத்தது.

இப்போது பாட்டுக்கு அடியில் அந்த முணுமுணுப்பு கேட்டது. என் பெயர், காளைகளின் பெயர். எல்லாவற்றுக்கும் முதலில், "சரசு, ரோகிணி." அக்கா.

மறுநாள் அவளை அழைத்துவந்து கேட்க வைத்தேன். "மறுக்கா போடு தம்பி" என்றாள். ஆறு தடவை போட்டோம்.

சொந்தபந்தங்களே, இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அப்பா மன்னித்துவிட்டார் என்று சேர்க்க வேண்டாம். பெயரைச் சொன்னார், அவ்வளவுதான்.