முதல் பந்திக் குதிரைக்காரன்

முழங்கால் முட்டை ஆபரேஷனில் மாற்றிவைத்து வீட்டில் கிடந்தபோது நான் ஒரு படைக்குத் தலைவியானேன். மருமகள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி. பழைய டேப்லெட்டில் ஒரு விளையாட்டை ஏற்றித் தந்து, "அத்தே, சீரியல்காரிகளைத் திட்டினது மதி, போதும். இனி இதுகளைத் திட்டுங்க" என்றாள்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். இதையே எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். விளையாட்டோ இங்கிலீஷ். படமும் நம்பரும் போதும் என்று இறங்கிவிட்டேன். ராட்சசன்கள் பிடித்து வைத்த ஊர்களை மீட்க வேண்டும். நம்முடைய ஆட்கள் ஒவ்வொருவர் தலைமேலும் இரண்டு அடையாளம். நட்சத்திரம் பலம், தராசு யோக்கியதை. எதிரியைக் கொல்கிறவனுக்கு நட்சத்திரம் கூடும். பலசாலி நோஞ்சானைக் கொன்றால் தராசு தாழும், நோஞ்சான் பலசாலியை வீழ்த்தினால் உயரும். கடைசிக் கோட்டைக் கதவு, தராசு உயர்ந்தவருக்குத்தான் திறக்குமாம். தராசு தரையைத் தொட்டவன் அங்கே போனால் எதிரிப் பக்கம் சேர்ந்துவிடுவானாம். மருமகள் இதையெல்லாம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. வெட்டிக் கொல்ல வந்தவனுக்கு யோக்கியதை ஒரு கேடா?

என் படையில் வெள்ளைக் குதிரைக்காரன் ஒருத்தன். நல்ல மீசை. ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மிளகாய் மண்டி இருந்த காலத்தில், வீட்டில் முதல் பந்தி பெரிய ஆம்பிளைகளுக்கு. நெய்யும் பப்படமும் அவர்களோடு தீரும். பெண்கள் பந்தியில் சட்டி சுரண்டும் சத்தம்தான். நாற்பது வருஷம் அப்படிப் பரிமாறிப் பழகின கை. இங்கேயும் எந்த எதிரி வந்தாலும் குதிரைக்காரனுக்கே முதலில் பரிமாறினேன். தவளை வந்தாலும் அவன், பல்லி வந்தாலும் அவன். மருந்துப்பை தூக்கும் ஒரு மெலிஞ்ச பெண் உண்டு. அவளைக் கூடாரத்திலேயே இருத்தினேன். அவனுக்குப் பன்னிரண்டு நட்சத்திரம் ஆனது, அவளுக்கு ஒன்று.

வித்துராவிலிருந்து சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா, போன் செய்தாள். அவளும் போனில் இதையே விளையாடுகிறாளாம். கோட்டைக் கதவு திறந்தாயிற்றாம். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி எண்ணிக்கொண்டிருந்தவள்! "ஞாயிற்றுக்கிழமை வாருங்கோ, நான் திறந்து காட்டுகிறேன்" என்றேன்.

வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். குதிரைக்காரனைக் கதவின் முன்னால் நிறுத்தினேன். கதவு அசையவில்லை. அவன் தராசு தரையைத் தொட்டுக் கிடந்தது. படுபாவி, குதிரையைத் திருப்பி எதிரியோடு போய்ச் சேர்ந்தான்.

"தவளை தின்னு வளர்ந்தவனுக்கு நன்றி எங்கே இருக்கும், மைனி?" என்றாள் சம்பந்தியம்மா, என் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே.

"நான் சொன்னேனே அத்தே" என்றாள் மருமகள்.

"நீ சொன்னாய். உன் அம்மைக்கு இன்னும் ரெண்டு முறுக்கு வை. வாய் சும்மா இருக்கட்டும்."

அவன் அந்தக் கதவுக்கே காவல் நின்றான், நான் ஊட்டின பன்னிரண்டு நட்சத்திரத்தோடு. மருந்துக்காரியைக் கூடாரத்திலிருந்து இறக்கினேன். முதல் தவளையை அடிக்க அவளுக்குப் பதினொரு அடி வேண்டியிருந்தது. பிறகு பல்லி, ஓநாய். எல்லாம் அவளைவிடப் பலசாலிகள், அதனால் தராசு ஏறிக்கொண்டே போனது. குதிரைக்காரனிடம் பலமுறை தோற்றாள். மூன்றாவது வாரம், நான் ஊன்றுகோலில்லாமல் அடுக்களைவரை நடந்த அன்றைக்கு, அவனைக் குதிரையிலிருந்து தள்ளினாள். பெரிய மீசை! குப்புற விழுந்ததும் மண்ணைத்தான் தின்றது.

கதவு திறந்தது. உடனே சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கொள்ளாம்" என்றாள், பரவாயில்லை என்கிற மாதிரி. அந்த வாயிலிருந்து அதற்குமேல் வராது.

உள்ளே ஒரு ராஜா உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் மீசை. ஏதோ சொன்னான். மருமகள் வாசித்தாள்: "இன்று விருந்து. வீரர்கள் முதலில் அமரட்டும். மருந்துக்காரி பரிமாறுவாள்."

"அவளை முதலில் உட்கார வைக்க எங்கே அமுக்கணும்?"

"அப்படியொண்ணும் இதில இல்லை அத்தே."

"அப்போ ராஜாவே அள்ளிப் போட்டுத் தின்னட்டும்" என்று டேப்லெட்டை அணைத்து அவள் கையில் கொடுத்தேன்.