பறந்தவனுக்குத்தான் பாயிண்ட்

ரொட்டித் தொழிற்சாலையின் அடுப்பைப் பார்க்காதவர்களுக்கு அதன் அளவைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு படுக்கையறை அளவு இருக்கும். உள்ளே ஏதாவது பழுதானால் ஒரு மனிதன் தவழ்ந்துதான் போகவேண்டும். அதுவும் முழுதாக ஆறும்வரை காத்திருக்க எந்த முதலாளிக்கும் பொறுமை கிடையாது. அப்படித் தவழ்கிற நான்கு மெக்கானிக்குகளை வைத்துப் பிழைக்கும் ஒரு சின்னப் பட்டறையில், அவர்களுக்கு விமான டிக்கெட் போடுகிற வேலை அண்ணியுடையது.

அவள் அந்தப் பட்டறையின் முதலாளி மனைவி. முதலாளியின் தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், அங்கே பங்குதாரர். அவர் அண்ணி என்று கூப்பிடப் போய், மெக்கானிக்குகள், கணக்குப்பிள்ளை, தபால்காரர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்த்தவள். ராத்திரிப் பயணத்தில் தனியாகப் போகும் பெண்ணுக்குக் கடைசி வரிசை சீட்டைக் கொடுக்கமாட்டேன் என்று மேலாளரோடு மல்லுக்கு நின்று, மெமோ வாங்கி, அந்த மெமோவையும் வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தவள். அந்தக் குணம் புகுந்த வீட்டுக்கு வந்ததும் குறையவில்லை. குறையவேண்டிய காரணமும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கைக்கு வரும்வரை டிக்கெட் வேலை கொழுந்தனிடம் இருந்தது. அடுப்பு நின்றுவிட்டது என்று எங்கிருந்தாவது போன் வந்தால், எந்த விமானக் கம்பெனி மலிவோ அதில் போகவர ஒரு டிக்கெட் போடுவார். திரும்பும் தேதியை அவரே முடிவு செய்வார், அடுப்பு அவரிடம் சொல்லிவிட்டுக் கெட்டுப்போன மாதிரி. மெக்கானிக் போய்ப் பார்த்தால் பெல்ட் வேறு, பர்னர் வேறு, வரவேண்டிய பாகம் இன்னும் வந்திருக்காது. திரும்பும் விமானம் பாட்டுக்குப் போய்விடும். அந்தப் பாதி டிக்கெட் குப்பை. புதிதாக ஒன்று வாங்கவேண்டும். இதை யாரும் நஷ்டம் என்றே நினைக்கவில்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள்.

கொழுந்தனுக்கு முதுகுவலி வந்து படுத்த வாரத்தில் அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எழுந்து வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

விமானக் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண்தான் முதலில் விஷயத்தைச் சொன்னாள். சின்னத் தொழில் செய்பவர்களுக்கு என்று ஒரு திட்டம் இருக்கிறது. கம்பெனிக்கு ஓர் எண் கொடுப்பார்கள். டிக்கெட் போடும்போது அந்த எண்ணை அதற்கான கட்டத்தில் போட்டால், பறக்கிற ஒவ்வொரு பயணத்துக்கும் கம்பெனியின் கணக்கில் பாயிண்ட் சேரும். கம்பெனி அதை யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட்டாக மாற்றிக் கொடுக்கலாம். உங்கள் கம்பெனி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதே, நிர்வாகி என்று உங்கள் பங்குதாரர் பெயர் இருக்கிறதே என்றாள் அந்தப் பெண். அண்ணி அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

விசாரித்ததில், கொழுந்தன் என்றைக்கோ சேர்ந்துவிட்டுப் பாதி நாள் எண்ணைப் போட மறந்திருக்கிறார். மலிவு மலிவு என்று நாலு கம்பெனிகளுக்குச் சிதறவிட்டதில் எங்கேயும் உருப்படியாகச் சேரவில்லை. அடிமட்ட டிக்கெட்டுக்குப் பாயிண்டே கிடையாது. பறக்காத திரும்பும் பயணத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஏதோ சேர்ந்ததை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை இயந்திரக் கண்காட்சிக்கு விமானத்தின் முன் வரிசையில் கால் நீட்டிப் போய் வந்திருக்கிறார். திருட்டு இல்லை, மறைக்கவும் இல்லை. தனக்கு வரவேண்டியது தனக்கு வந்தது என்று மனதார நம்பிவிட்டார். அண்ணிக்கு அதுதான் அதிகமாக எரிந்தது.

விட்டுப்போன பாயிண்டுகளைப் பின்னால் கேட்டு வாங்கலாம், ஆனால் விமானத்தில் ஏறும்போது வைத்திருந்த போர்டிங் பாஸ் வேண்டும் என்றார்கள். மெக்கானிக்குகளைக் கேட்டாள். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுப்பின் கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்க, கெட்டியான காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே சூடு கசிகிறது என்று அர்த்தம். சட்டைப் பையில் எப்போதும் கைக்குக் கிடைக்கிற கெட்டிக் காகிதம் போர்டிங் பாஸ்தான். அத்தனையும் ஊர் ஊராக அடுப்புக் கதவுகளில் கருகிப்போயிருந்தன.

அண்ணி சிரித்தாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்தாள். கதவுக்கு இது, போர்டிங் பாஸ் எனக்கு என்றாள். அதைத் தொலைத்துவிட்டு வருகிறவனுக்கு அடுத்த பயணத்தில் நடு சீட்டுதான் என்றும் சொல்லிவைத்தாள். யாரும் தொலைக்கவில்லை.

பிறகு ஒரே விமானக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டாள். தேதி மாற்றிக்கொள்ளும் வகை டிக்கெட்டாகவே வாங்கினாள். விலை கூடுதல் என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டார். குப்பையில் போட்ட திரும்பும் டிக்கெட்டுகளின் விலையை எந்தக் கணக்கில் எழுதினீர்கள் என்று கேட்டாள். பஸ் டிக்கெட் கிழித்தவளுக்கு விமானம் என்ன தெரியும் என்று அவர் கணக்குப்பிள்ளையிடம் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. பஸ்ஸில் ஏறியவனை எங்கே உட்காரவைப்பது என்று தெரிந்தவளுக்குப் பிளேன் ஒன்றும் பிரமாதம் இல்லை என்று அடுத்த அறையிலிருந்தே பதில் சொன்னாள்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. பாயிண்ட் ஏறிக்கொண்டே வந்தது. ஏறிய பிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

மெக்கானிக்குகளில் ஒருவருக்குப் புகை என்று பெயர். சிகரெட்டைத் தொட்டவர் இல்லை. எந்த அடுப்புக்குள் போய் வந்தாலும் மூன்று நாளைக்கு அந்த வாடை அவரை விட்டுப் போகாது, அதனால் வந்த பெயர். அவர் மனைவி வெகுதூரத்தில் வேறு நாட்டில், ஒரு முதியவரின் வீட்டில் தங்கி அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போய் நாலு வருஷம். அந்த வருஷம் அவளுக்கு இரண்டு வாரம் விடுமுறை கிடைத்தது. ஆனால் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப் போயிருந்ததால் அவள் அந்த நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது. இந்த விடுமுறையை விட்டால் அடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

புகை இதை யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஒருநாள் போர்டிங் பாஸைக் கொடுக்க வந்தவர், மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு, “அண்ணி, நம்ம பிளேன் அந்த ஊருக்கெல்லாம் போகுமா?” என்று மட்டும் கேட்டார். போகும் என்றாள். சரி என்று போய்விட்டார். மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருக்கிற மனிதர், தன் பெண்டாட்டி இருக்கும் ஊருக்கு விமானம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார். சேர்ந்த பாயிண்டில் அவரை அங்கே அனுப்புவது என்று அண்ணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கொழுந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. கண்காட்சி வருகிறது, இந்த முறை பெரிய வாடிக்கையாளர் ஒருவரையும் முன் வரிசையில் கூட்டிப்போக உத்தேசம் என்றார். பாயிண்ட் கம்பெனியுடையது, கம்பெனி என்றால் முதலாளிகள் என்றார். மெக்கானிக்குக்குச் சம்பளம் தருகிறோம், அதற்கு மேல் பெண்டாட்டியைப் பார்க்கவும் அனுப்பவேண்டுமா, நாளைக்கு மற்ற மூன்று பேரும் வரிசையில் நிற்பார்கள் என்றார்.

“நிக்கட்டும்,” என்றாள் அண்ணி. “அவங்களுக்கும் உண்டு. நடு சீட்ல முட்டி மடக்கி உக்காந்து போனது அவங்க. நீங்க போன் பண்ணீங்க, நான் பட்டனைத் தட்டினேன். பறந்தவனுக்குத்தான் பாயிண்ட்.”

“நிர்வாகி நான், அண்ணி. நான் தட்டினாத்தான் பாயிண்ட் டிக்கெட்டா மாறும்.”

இது உண்மை. அதை மாற்ற முதலாளியின் கையெழுத்து வேண்டும். முதலாளி, அதாவது அவள் கணவர், தம்பிக்கும் மனைவிக்கும் சண்டை வந்தால் பட்டறையில் இருக்கும் ஏதாவது ஓர் அடுப்புக்குள் போய்விடுவது வழக்கம். அன்றைக்கும் போயிருந்தார். அண்ணி குனிந்து, அடுப்பு வாசலில் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். உள்ளிருந்து வெகுநேரம் ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வராமல் இருக்கலாம், சாப்பாட்டுக்கு எப்படியும் வரவேண்டும் என்றாள். சத்தம் நின்றது.

“தம்பி வருத்தப்படுவானேம்மா,” என்றது அடுப்பு.

“படட்டும். நாலு வருஷமா ஒருத்தர் பட்டுக்கிட்டிருக்கார். ஏன்னு அவரை நீங்க ஒரு தடவ கேட்டீங்களா?”

கரிபிடித்த கை ஒன்று வெளியே வந்து கையெழுத்துப் போட்டது. காகிதத்தில் விரல் தடம் விழுந்துவிட்டது. விமானக் கம்பெனி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

பாயிண்டுக்கு என்று ஒதுக்கும் சீட்டுகள் கொஞ்சம்தான். போவதற்கு விடுமுறையின் முதல் நாளே கிடைத்தது. திரும்பி வர, விடுமுறை முடிய நாலு நாள் இருக்கும் தேதியில்தான் இடம் இருந்தது. இருக்கிறதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் யாராவது ரத்து செய்தால் தேதியைத் தள்ளிவிடுகிறேன், தினமும் பார்க்கிறேன் என்று புகையிடம் சொன்னாள். அவருக்கு நன்றி சொல்ல வரவில்லை. சட்டையை முகர்ந்துபார்த்துவிட்டு, இந்த வாடையோடு எப்படிப் போவது என்று கேட்டார். அவளுக்கு அந்த வாடையும் மறந்திருக்கும், போங்கள் என்றாள்.

அவர் போன ஒரு வாரத்தில் பெரிய வாடிக்கையாளரின் அடுப்பு நின்றது.

கொழுந்தன் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டே அண்ணியின் அறைக்கு ஓடிவந்தார். அந்த முதலாளிக்குப் புகைதான் வேண்டுமாம். வேறு ஆள் வந்தால் கதவைத் திறக்கமாட்டாராம். புகையை உடனே வரவழைக்காவிட்டால் தன்னுடைய எல்லா அடுப்புகளையும் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவாராம். அந்த ஒரு வாடிக்கையாளர் போனால் பட்டறை ஆட்டம் கண்டுவிடும். அண்ணிக்கும் இது தெரியாமல் இல்லை.

“ஒரு தட்டு தட்டினா நாளைக்கே வந்துடுவான்,” என்றார் கொழுந்தன், போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. “தேதி மாத்துற டிக்கெட், தேதி மாத்துற டிக்கெட்னு ரெண்டு வருஷமா நீங்கதானே சொன்னீங்க? இதுக்குத்தானே அது?”

அவர் சொன்னது சரிதான். அவள் போராடி வாங்கிய வசதியே இப்போது புகையின் கழுத்துக்கு வந்து நின்றது. அவளுக்கு உள்ளூர பயமாகத்தான் இருந்தது.

“மாத்தலாம்,” என்றாள். “மாத்த மாட்டேன். போனை இப்படிக் குடுங்க.”

ரொட்டி முதலாளி எடுத்த எடுப்பில் சத்தம் போட்டார். அண்ணி முழுவதையும் கேட்டாள். இன்றைக்கே வேறு மெக்கானிக்கை அனுப்புகிறேன், ஒல்லி என்று பெயர், புகையோடு உங்கள் அடுப்புக்குள் இரண்டு முறை போய் வந்தவர், வேலை தெரிந்தவர் என்றாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டி எங்கேயும் ஓடிவிடமாட்டாள், என் அடுப்பு செத்துக் கிடக்கிறது என்றார்.

“சார், போன வருஷம் உங்க அடுப்ப அவர் ஏழு தடவ வந்து பாத்தார்,” என்றாள் அண்ணி. “அவர் பொண்டாட்டிய நாலு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவ பாக்குறார். இந்த முறை உங்க அடுப்பு காத்திருக்கட்டும்.”

சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கொழுந்தன் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். திட்டக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. பட்டறையில் வேலைச் சத்தம் நின்றிருந்தது. மெக்கானிக்குகள் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அண்ணியின் கணவர் இந்த முறை எந்த அடுப்புக்குள்ளும் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஒல்லிக்கு மதிய விமானத்தில் ஓரத்து சீட் போட்டாள். கதவைத் திறந்தால் வேலை செய்யட்டும், திறக்காவிட்டால் திரும்பி வரட்டும். பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் தன் சீட்டை ரத்து செய்திருந்தான். இரண்டு தட்டுத் தட்டினாள். வந்த பதிலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள்.

“தம்பி, புகையோட தேதிய மாத்திட்டேன்,” என்றாள்.

கொழுந்தன் நிமிர்ந்தார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவர் முகம். போனைக் கையில் எடுத்துக்கொண்டார். “அப்பாடா. சொல்லிடறேன் அவருகிட்ட. எப்ப வர்றான்?”

“நாலு நாள் தள்ளி. லீவு முழுசா முடிஞ்சப்புறம்.”