வைலே சதுக்கத்தில் எங்கள் கரண்ட்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற சிறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு இரண்டாவது குளிர்காலமும் வந்துவிட்டது. ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பதோ, பிறகு அது நாட்டையே உலுக்கும் வழக்காகும் என்பதோ அப்போது எங்களுக்குத் தெரியாது. போய்க் கேட்டால், "பொறுத்திருங்கள்" என்பார்கள்.

அந்த நேரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் மனைவி ஒரு வீடியோ கசெட் கொடுத்துவிட்டிருந்தாள். மகளின் பிறந்தநாள். கேக் வெட்டி முடிந்ததும் மனைவி கமெராவை நேராகப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு காலமெண்டு அவையிட்ட கேளுங்கோ. நீங்கள் கேக்கிறியளோ எண்டே எனக்கு விளங்கேல்லை."

எனக்குச் சுரீரென்றது. என்னோடு அறையில் இருந்த அண்ணையும் குடும்பத்துக்காகக் காத்திருந்தவர். "இதைப் பக்கத்துப் பட்டினம் வைலேக்குக் கொண்டு போவம். சதுக்கத்தில வைச்சுப் போட்டுக் காட்டுவம். சனம் பாக்கட்டும்," என்றேன்.

பொலிஸில் அனுமதி எடுத்தோம். சனிக்கிழமை, சதுக்கத்துப் பக்கத்துக் கடைக்காரரிடம், ரிவிக்கும் வீடியோ டெக்குக்கும் கரண்ட் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் எங்கள் கையிலிருந்த அறிவிப்பு மட்டையைப் பார்த்தார். 'இவர் என் மனைவி. இவரைக் கூப்பிட்டிருக்கிறேன். பதில் இல்லை' என்று டெனிஷில் எழுதியிருந்தோம். "இது கடை, அரசியல் மேடை இல்லை," என்று கதவைச் சாத்தினார்.

நான் இதை எதிர்பார்த்து, காரில் இழுத்துப்போகிற வீட்டு வண்டியான கரவனில் பாவிக்கிற சின்ன இன்வேட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பற்றறியின் பன்னிரண்டு வோல்ற்றை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி. அதை என் காரின் பற்றறியிலேயே கொழுவினேன். ரிவியைப் போட்டதும் இன்வேட்டர் கீச்சிட்டு நின்றது. திரும்பத் திரும்பப் போட, ஒருமாதிரி படம் வந்தது. சனமும் நின்றது. குளிராக இருக்கிறதே என்று அண்ணை மின்சாரக் கேத்திலைக் கொழுவினார். எல்லாம் செத்தது. கேத்திலைக் கழற்றி மறுபடி ஓடவிட்டோம். மனைவி வாயைத் திறக்கிற இடத்தில் பற்றறி முடிந்துபோனது. காரும் ஸ்ரார்ட் ஆகவில்லை. கடைக்காரர் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் காரைத் தள்ளினோம்.

"விடு தம்பி, இது எங்களுக்குச் சரிவராது," என்றார் அண்ணை.

"வாற சனியும் வாறம்," என்றேன்.

அந்தக் கிழமை முழுக்க என் தலைக்குள் அந்தக் கணக்குத்தான். ரிவியும் டெக்கும் சேர்ந்து நூற்றிருபது வாற்ஸ். பன்னிரண்டால் பிரித்தால் பத்து அம்பியர். இன்வேட்டர் தின்பதையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஐந்து மணித்தியாலம் ஓட அறுபது அம்பியர்-மணி வேணும். ஆனால் பற்றறியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அது கெதியில் பழுதாகிவிடும். ஆகவே நூற்றிருபதாவது இருக்கவேணும். கார் பற்றறி ஒருமுறை பலமாக உதைத்து எஞ்சினைக் கிளப்பத்தான். நின்று நிதானமாகக் கொடுக்க அதால் ஏலாது. கரவன் சாமான் விற்கிற இடத்தில் அறுபது அறுபதாக ஒரே அளவில் இரண்டு புதுப் பற்றறி வாங்கி, பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் தடித்த, நீளம் குறைந்த வயரால் பிணைத்து, இடையில் பியூஸ் வைத்தேன். ரிவி போட்ட கணத்தில் இழுக்கிற இழுவையைத் தாங்க, முன்னூறு வாற்ஸ் இன்வேட்டர். தேத்தண்ணியைப் பிளாஸ்கில் கொண்டுபோகலாம். கேத்திலைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று அண்ணைக்குச் சொல்லிவைத்தேன்.

அடுத்த சனி படம் வந்தது. குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, ஸ்பீக்கர் கொஞ்சம் இரைந்தது, ஆனால் நிற்கவில்லை. மனைவி பேசினாள். முடிய முடியத் திருப்பி ஓடவிட்டேன். கையில் சாமான் பையோடு வந்த ஒரு டெனிஷ் மனுசி கேட்டாள்: "அவர் என்ன சொல்கிறார்?"

"இன்னும் எவ்வளவு காலமென்று உங்களிடம் கேட்கச் சொல்கிறா."

அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டு முதலில் இருந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஆட்கள் கூடினார்கள். பின்னேரம் இருட்டுகிற நேரம் கடைக்காரர் வெளியே வந்தார். கையில் நீளமான வயர். வேணுமென்றால் கொழுவுங்கள் என்றார்.

"நை தக், வேண்டாம், நன்றி. எங்களிட்ட கரண்ட் இருக்கு," என்றேன்.

அண்ணை என் கையைக் கிள்ளினார். "மனுசன் மனம் வந்து தாறான். வாங்கினால் என்ன?"

"போன கிழமை கேட்டனாங்கள். இண்டைக்குத் தேவையில்லை."

பற்றறி கடைசிவரை நின்றது. திறப்பை முதல் தரம் திருப்பியதுமே கார் ஸ்ரார்ட் ஆனது.

பனி கொட்டத் தொடங்கும்வரை ஒவ்வொரு சனியும் போனோம். அதனால் ஏதும் அசைந்ததா என்று எனக்குத் தெரியாது. விண்ணப்பம் நெடுநாள் அப்படியே கிடந்தது. ஒருவழியாக மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது மகள் என்னை 'மாமா' என்று கூப்பிட்டாள்.

வைலேயில் நடந்ததைச் சொன்னேன். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னைக் கேக்காமல் என்ர முகத்தை ஊருக்கெல்லாம் காட்டினியளோ?"

"ஓம்."

"நிண்டு பாத்தவையோ?"

"பாத்தவை."

"பாக்கட்டும்," என்றாள்.