உதிர்ந்த முடி

மின்சார மீட்டர் பார்ப்பது அவருடைய பிழைப்பு. ஆனால் எல்லோரும் கூப்பிட்டது ‘ஈக்காரர்’ என்றுதான். கரையில் ஒதுங்கி அழுகும் பாசியில் மொய்க்கிற ஈக்களைப் பிடித்து ஊசியில் குத்துவார். பிடித்த இடம், தேதி எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி, வரைபடத்தில் புள்ளி வைப்பார். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லை என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் மவுசு வந்தது. தங்கை வீட்டுக்கு முன்னாலிருந்த கரையில் பிடித்த ஈயின் பின்காலில், வழக்கமாக இருக்கும் ஒற்றை முடி இல்லை. முடி இருந்தால் சாதா ஈ, இல்லாவிட்டால் அபூர்வ ஈ. அபூர்வ ஈ வாழ்கிற இடமென்று, அங்கே கட்டவிருந்த கடல் தடுப்புச் சுவரைக் கைவிட்டார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டார்.

மூன்றாம் வருடம் கடல் உள்ளே வந்தது. வீடு போயிற்று. வீட்டோடு மச்சானும் போனார். ஒரு துணிப்பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த தங்கைதான் அவரைத் தேற்றினாள்.

“உன்மேல என்னண்ணே தப்பு? இருந்ததத்தானே இருக்குன்னு எழுதின.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் நடமாடினார்.

ஒருநாள், ஈக்களை வைத்திருந்த பெட்டியில் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், அந்த ஈயை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தார். முடி இல்லைதான். ஆனால் அது முளைத்த இடத்தில் ஒரு குழி இருந்தது. முடி உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவன்கூட முதலில் குழியைத்தான் தேடுவான். அத்தனை வருடம் பழகிய கண்ணை ஆசை மறைத்திருக்கிறது, வேறென்ன சொல்ல?

பெட்டியை மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் வரைபடத்தை எடுத்து, அந்தப் புள்ளியின்மேல் பெருக்கல் குறி போட்டார்.

தேநீரோடு வந்த தங்கை, “என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றாள்.

அவளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். “கால்ல ஒரு குழி தெரியுதா?”

“தெரியுது.”

“அப்ப இது சாதா ஈதான். நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இதுக்கா அவரு செத்தாரு?”

அவள் உள்ளே போய்த் தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு கிடையாது.