‘இந்தா’ என்று கூப்பிடுகிறவர்

எங்கள் கொல்லையில் இந்தக் கோடை முழுக்க விருந்தாளிக் கூட்டம். வாய்க்கால் வறண்டு வெடித்துப் போனதால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நான் வைத்திருந்த பிளாஸ்டிக் பேசின்தான் அத்தனைக்கும் குளம். விடிந்ததும் தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டே வரும். பிறகு அணில், செம்போத்து, வெயில் ஏறினால் ஒரு கீரி. முன்பெல்லாம் சூ என்று விரட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இவற்றை உட்கார்ந்து ரசிக்கிற குணம் எனக்குக் கிடையாது.

இந்த வருடம் உட்கார வேண்டியதாகிவிட்டது. அறுவடை முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. அவர் வரப்பில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தத் தொண்டையிலிருந்து இப்போது வெறும் காற்றுதான் வந்தது. தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “முதல் சில மாசத்துல வர்றதுதாங்க அதிகம். நாளாக ஆகக் கஷ்டம். அவருக்குப் புடிச்சதைக் காட்டிப் பேரு சொல்ல வைங்க” என்றாள்.

அவருக்குப் பிடித்தது கொல்லைதான். தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு வாத்தியார் வேலை பார்த்தேன்.

“அந்தா பாருங்க, அணில். அ... ணில். சொல்லுங்க.”

அணிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். வாய் கோணும், எச்சில் வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். சில நாள் எரிச்சல் தலைக்கேறிவிடும். “கீரின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? என்னைத் திட்டவாச்சும் செய்யுங்களேன்” என்று கத்தியிருக்கிறேன். குருவிகள்தான் பறந்து போயின. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் இவையெல்லாம் வயல் பக்கம் போய்விடும். அதற்குள் ஒரு சொல்லாவது வந்தாக வேண்டும் என்று நானே ஒரு கெடு வைத்துக்கொண்டு, அதை நினைத்து நானே பயந்து செத்தேன்.

ஒரு நாள் காலை அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து உள்ளே ஓடினேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“ந்தா...”

‘இந்தா’ என்பதுதான் என் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பெண்டாட்டி பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. சோறு வேண்டுமென்றால் இந்தா, கோபமென்றால் இந்தா, மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக ஒரு இந்தா. “எங்கப்பா எனக்கு ஒரு பேரு வச்சிருக்காரு, தெரியுமில்ல?” என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அன்று அந்த அரைச் சொல்லுக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழுந்திருப்பேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, சென்னையிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

“அப்பா என்னைக் கூப்பிட்டாங்கடி!”

இரண்டு பேரும் அழுதோம்.

போனை வைத்துவிட்டுக் கொல்லை வாசலுக்கு வந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. பேசின் விளிம்பில் அணில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

“ந்தா” என்றார் அதைப் பார்த்து.

அணில் ஓடிவிட்டது. முருங்கையிலிருந்து செம்போத்து இறங்கியது. “ந்தா.” கொடியில் காய்ந்த துண்டு அசைந்தது. அதற்கும் “ந்தா.”

நான் போய் அவர் முன்னால் நின்றேன். “நான் யாருங்க?” என்றேன்.

என்னை நன்றாகப் பார்த்தார். “ந்தா” என்றார். துண்டுக்குச் சொன்ன அதே குரல்.

எனக்கென்று அவர் வைத்திருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் கொல்லையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். “ஒரே சொல்லுல மாட்டிக்கிறது உண்டுங்க. சில பேருக்கு அதோட நின்னுடும்” என்றாள். அவள் பொய் சொல்லியிருந்தால் என்னவாம் என்று அவள் மேல் கோபம் வந்தது.

தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தவளைச் சத்தம். பேசினுக்கு இப்போது எதுவும் வருவதில்லை. ஆனாலும் தினமும் நிரப்பி வைக்கிறேன், இருவரும் உட்காருகிறோம். வெறும் சுவரைப் பார்த்து அவர் “ந்தா” என்கிறார். “என்னங்க?” என்று கேட்கிறேன். காக்கையைப் பார்த்துச் சொன்னாலும் “என்னங்க?” என்கிறேன். சுவரும் காக்கையும் பதில் சொல்லப்போவதில்லை.

மகளிடம் நான் இதை எதையும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் போனில் கேட்கிறாள்.

“இன்னைக்கும் அப்பா கூப்பிட்டாங்களாம்மா?”

“கூப்பிட்டாங்கடி. கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க.”