கே.டி. கொடுக்கச் சொன்ன வாரம்

எங்கள் கம்பெனியில் யாரையும் சத்தம் போட்டு வெளியே அனுப்புவதில்லை. "கே.டி. கொடுத்துடுங்க" என்று மட்டும் சொல்வார்கள். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். நமக்குத் தெரிந்த வேலையை இன்னொருவருக்குக் கம்ப்யூட்டரில் விளக்கி, அதை வீடியோவாகப் பதிந்துவைப்பது. பதிந்து முடித்த சில நாட்களில், ஆபீஸ் சாட்டில் சொல்லிக்கொடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி அணைந்துவிடும். பிறகு எரியாது. எல்லோரும் அப்படித்தான் போனார்கள் என்றில்லை. ஆனால் போனவர்கள் எல்லோரும் கே.டி. கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் டீம் லீட் என்னிடம் அதைச் சொன்னார். டீமில் மற்ற எல்லோரும் சென்னையில், நான் சங்கரன்கோவிலில், வீட்டு மாடி அறையில். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுவதால் எப்போதும் மைக்கை அணைத்தே வைத்திருப்பேன்.

"புதுசா ஜாயின் பண்ணியிருக்கிற பொண்ணுக்கு பில்லிங் முழுக்க கே.டி. கொடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாமா?"

மைக்கைத் திறந்து "சரிங்க சார்" என்றேன். பெயர் சொல்லிக் கூப்பிடும் கம்பெனி அது. எனக்கு மட்டும் வாய் வராது. என் குரலோடு தறிச் சத்தமும் உள்ளே போனது. "என்னங்க, டிரெயின்ல வர்றீங்களா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏன் நான்? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த லீவா? சென்னைக்குத் திரும்பி வர முடியுமா என்று ஹெச்.ஆர். கேட்டதற்கு, குழந்தைக்கு இரண்டு வயதுதான் ஆகிறது என்று நீளமாக எழுதினேனே, அதுவா? அதற்கு "நோட்டட்" என்று ஒரே வார்த்தை பதில் வந்திருந்தது. அவ்வளவு விளக்கியிருக்கக் கூடாதோ? இந்த ஊரில் எனக்கு வேறு இப்படி ஒரு வேலை கிடையாது. இது போனால், பாப்பாவை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக வேண்டும், அல்லது படித்த படிப்பை மூட்டை கட்டிவைக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டில் கை ஓடவில்லை. அத்தை, என் மாமியார், பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, மொகம் ஏன் இப்படிச் சுண்டிக் கெடக்கு?"

"புதுசா வந்த பிள்ளைக்கு வேலை சொல்லிக் குடுக்கச் சொல்லுதாங்க அத்தை."

"சொல்லிக் குடேன். வாயிலயா புண்ணு?"

"சொல்லிக் குடுத்தா என்னய அனுப்பிருவாங்களோன்னு பயமா இருக்கு."

"அப்ப பாதியச் சொல்லு, பாதிய வச்சுக்கோ" என்றார் அத்தை, குழம்பில் உப்பு போடுவதைச் சொல்வதுபோல.

அது என் மனதிலும் இருந்ததுதான். எங்களுடையது ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் மென்பொருள். டிஸ்சார்ஜ் ஆன நோயாளியை அன்றைக்கே மறுபடி சேர்த்தால், பழைய பில் திறந்து புதியதோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுக்கும் வழி எங்கள் டீமில் எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் என்னைத் தேடுவார்கள். ஆனால் தேடும்வரை, எங்கோ ஒரு நோயாளி, கட்டி முடித்த பணத்தையும் சேர்த்துக் கேட்கும் பில்லோடு கவுண்டரில் நிற்பார். புதன்கிழமை அதையும் சொன்னேன்.

"அக்கா, செமையா சொல்லித் தர்றீங்க. இனிமே நானே பாத்துக்குவேன்" என்றாள் அந்தப் பெண். வெகுளியாகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை ஹெச்.ஆரிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்தது. தலைப்பு எதுவும் இல்லை. பாப்பாவைக் கீழே விட்டுவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, நல்ல சுடிதாருக்கு மாறி உட்கார்ந்தேன்.

அழைப்பில் ஹெச்.ஆர். பெண் மட்டும் இருந்தார். டீம் லீட் இந்த வாரத்தோடு விலகுகிறார் என்றார். அவர் பார்த்த வேலையை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் என் வேலையை இன்னொருவருக்கு மாற்றினார்களாம். "லீட்னா மாசத்துல ஒரு வாரம் ஆபீஸ் வர வேண்டியிருக்கும். உங்களுக்கு ஓகேதானே?"

"ஓகேங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. என்னை அனுப்பவில்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை லீட் எனக்குக் கே.டி. கொடுத்தார். கேமராவைத் திறக்கவில்லை.

"ரெக்கார்டு போட்டுக்கோங்க. அப்புறம் என்கிட்ட கேட்க முடியாது."

"சார், நீங்களாத்தான் போறீங்களா?"

"ரெக்கார்டு ஆன்ல இருக்கா?"

"ஆமா சார்."

"அப்ப முதல் ஸ்கிரீனைப் பாருங்க" என்று ஆரம்பித்தார். எதையும் விடாமல், பொறுமையாகச் சொன்னார். என்னைக் கே.டி. கொடுக்கச் சொன்ன அதே குரல். தான் போகப்போவது திங்கட்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்க நினைத்தேன். பதிவாகிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

கீழே இறங்கி வந்து, வேலை போகவில்லை, லீட் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அத்தையிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"வேலை போவலல்லா? பொறவு எதுக்கு அழுவுத?"

"மாசம் ஒரு வாரம் மெட்ராசுக்கு வரச் சொல்லுதாங்க. சரின்னுட்டேன்."

அத்தை முந்தானையால் பாப்பாவின் வாயைத் துடைத்தார். "பிள்ளை ராத்திரி ஒன்னயத் தேடுமே. ஒரு வாரம்னா ஒரு வாரந்தானா? கூட்டிர மாட்டாங்களே?"

"ஒரு வாரம்தான்னு சொன்னாங்க அத்தை."

"எழுதிக் குடுத்தாங்களா?"

இல்லை. பாப்பா என் சுடிதாரைப் பிடித்து இழுத்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம்தான் என்று எழுதித் தரச் சொல்லி மெயில் போடலாமா, போட்டால் தயங்குகிறேன் என்று நினைப்பார்களா என்று யோசித்தபடியே மாடிக்கு ஏறினேன். மெயிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எதையும் அனுப்பவில்லை.